சாக்ராந்தினோ ஒயின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் நடுவே, கடலே தொடாத ஊம்ப்ரியா மாநிலத்தில் குன்றின் மேல் இருக்கும் ஊர் மோன்டெஃபால்கோ. அதைச் சுற்றி விளையும் சாக்ராந்தினோ திராட்சையின் ஒயின், துவர்ப்பில் இத்தாலியிலேயே முன்வரிசை. ஒரு வாய் குடித்துவிட்டு “நாக்கெல்லாம் இழுக்கிறது, வேண்டாம்” என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கோளாறு வாங்கியதிலோ பரிமாறியதிலோ இருக்கும்.

கடையிலேயே குழப்பம் தொடங்கிவிடும். லேபிளில் ‘மோன்டெஃபால்கோ ரோஸ்ஸோ’ என்று இருந்தால் பெரும்பங்கு சாஞ்சோவேசே திராட்சை, சாக்ராந்தினோ கொஞ்சம்தான். ‘மோன்டெஃபால்கோ சாக்ராந்தினோ’ என்றால்தான் முழுக்க இந்தத் திராட்சை. 1992-இல் டிஓசிஜி என்ற உயர்ந்த தரநிலை பெற்றது. குறைந்தது 37 மாதம், அதில் 12 மாதமாவது மரப்பீப்பாயில், முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வரும். பெயர் ஒலியை நம்பி, பக்கத்து மாநிலமான டஸ்கனியின் மோன்டால்ச்சினோ ஊர் ஒயினை எடுத்துவிடாதீர்கள்.

‘பாசீத்தோ’ என்று போட்டிருந்தால் அது திராட்சையை உலர்த்திச் செய்த இனிப்பு ஒயின். பழைய வழக்கம் இதுதான். ஈஸ்டர் ஆட்டுக்கறியோடு ஊர்க்காரர்கள் குடித்தது இதையே. இனிப்பில்லாத வகை பரவலானது 1970களுக்குப் பிறகு.

சரி, வாங்கியாயிற்று. உடனே திறந்து ஊற்றுவதுதான் பெரிய தவறு. துவர்ப்பைத் தரும் டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. வயதாக ஆக அது மென்மையாகும். அறுவடை ஆண்டிலிருந்து எட்டு, பத்து வருடம் காத்திருப்பது வீண் அல்ல. இளசாகத்தான் கிடைத்தது என்றால் அகன்ற ஜாடியில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். ஃப்ரிட்ஜ் குளிரிலேயே ஊற்றினால் துவர்ப்பு இன்னும் முரடாகும். அதற்காக 30 டிகிரி அறையில் வைத்தால், 14, 15 சதவீத ஆல்கஹால் மூக்கில் ஏறும். 18 டிகிரி சரியாக இருக்கும்.

அப்புறம், வெறும் வாயில் குடிக்கும் ஒயின் அல்ல இது. கொழுப்புள்ள இறைச்சியோ முதிர்ந்த பெக்கோரினோ சீஸோ இருந்தால் டானின் அவற்றின் புரதத்தோடு போய்விடும், வாய் தப்பிக்கும். மீனோடு வைத்தால் இரும்புச் சுவை தட்டலாம். மிளகாய் தூக்கலான கறியோடு வைத்தால் காரமும் துவர்ப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். அன்றைக்கு பீர் நல்லது.