விமானத்தைத் தூக்குவது எது? ஒரு தாள், ஓர் அட்டை, ஒரு மேசை விசிறி

இறக்கையின் மேற்பக்கம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்றுக்குத் தொலைவு அதிகம், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்விளிம்பில் சேர அது விரைந்தோடுகிறது, அதனால்தான் விமானம் எழும்புகிறது என்று பலரும் படித்திருப்போம். அதை மறந்துவிடுங்கள். பிரிந்த காற்று மறுபடி சேர்ந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் (இறக்கை போன்றவற்றைச் சோதிக்கக் காற்றைச் செலுத்தும் பெருங்குழாயில்) புகைவிட்டுப் பார்த்தால், மேலே போன காற்று முந்திக்கொள்வது தெரியும்.

படி 1: ஏ4 தாளில் நீளவாக்கில் 5 செ.மீ. அகலத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். ஒரு முனையைக் கீழுதட்டருகே பிடித்து, வளைந்து தொங்கும் தாளின் மேற்பரப்பை ஒட்டி ஊதுங்கள். தாள் எழும்பும்.

படி 2: அதே துண்டை நேராகத் தொங்கவிட்டு, ஒரு பக்கத்தை ஒட்டி மேலிருந்து கீழாக ஊதுங்கள். இப்போது தாள் ஊதிய பக்கம் சாய்வதில்லை. ஊதிய வேகம் அதேதான், வளைவுதான் இல்லை. பரப்பின் வளைவை ஒட்டிக் காற்று திரும்ப வேண்டுமானால், அதை உள்நோக்கி ஏதோ ஒன்று தள்ள வேண்டும். தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். அப்படியானால் பரப்பை ஒட்டிய இடத்தில் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்றுதானே பொருள்? அழுத்தம் குறைந்த இடத்துக்குள் நுழையும் காற்று வேகமெடுக்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்று அறிவியலாளர் டேனியல் பெர்னூலி 1738இல் நூலாக வெளியிட்ட கருத்து இங்கே சரியாகப் பொருந்துகிறது.

படி 3: அட்டையை ஓடும் விசிறியின் முன் படுக்கைவாட்டில் பிடித்து, விசிறியை நோக்கிய விளிம்பை மெல்ல உயர்த்துங்கள். கை மேலே தள்ளப்படும். அட்டை காற்றைக் கீழே திருப்புகிறது, காற்று அட்டையை மேலே தள்ளுகிறது: நியூட்டனின் மூன்றாம் விதி. விமானத்தைத் தூக்குவது பெர்னூலி சொன்ன அழுத்த வேறுபாடா, நியூட்டன் சொன்ன எதிர்விசையா என்ற சண்டை வீண். இருவர் சொல்வதும் ஒரே விசையைத்தான். விளிம்பை மிகவும் உயர்த்தினால் அட்டை பின்னால்தான் தள்ளப்படும். உண்மையான இறக்கையிலும் சாய்வு சுமார் 15 பாகையைத் தாண்டினால் காற்று மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, தூக்கும் விசை சரிந்துவிடும். விமானிகள் அஞ்சும் ‘ஸ்டால்’ இதுதான்.

படி 4: ஒரு கணக்கு. ஏர்பஸ் ஏ320 அதிகபட்சமாகச் சுமார் 78 டன் எடையோடு கிளம்பும். இறக்கைப் பரப்பு சுமார் 122 சதுர மீட்டர். வகுத்தால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 640 கிலோ. கடல்மட்டத்தில் வளிமண்டலமோ ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 10,300 கிலோ எடைக்கு இணையாக அழுத்துகிறது. ஆக, மேலுக்கும் கீழுக்கும் 6 சதவீத வேறுபாடு இருந்தாலே போதும்!

அதிலும் பெரும்பங்கு மேற்பரப்பில் குறையும் அழுத்தத்தால் கிடைப்பது. அதனால்தான் குளிர்நாடுகளில், மேற்பரப்பின் காற்றோட்டத்தைக் குலைக்கும்படி இறக்கையின் மேல் படிந்த பனியைத் திரவம் தெளித்து நீக்காமல் விமானத்தைக் கிளப்புவதில்லை.