கழுகைப் பார்த்ததும் முடிவு கட்டாதீர்கள்: போர்க்களச் சின்னங்களை அடையாளம் காண்பதில் நேரும் தவறுகள்

வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) நடந்த வயல்களில் கழுகு பொறித்த பித்தளைப் பட்டன் கிடைப்பது சகஜம். அதை எந்தப் படைக்கு உரியதென்று சொல்லுமுன்பே பாதி ஆதாரத்தை அழித்துவிடுகிறார்கள். பித்தளைப் பாத்திரம் துலக்குகிற பழக்கத்தில் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்ப்பதுதான் காரணம். களிம்போடு சேர்ந்து தங்க முலாமும் உரிந்து போகும். அதிகாரியின் பட்டன் முலாம் பூசியது என்பதால், அந்தத் துளி முலாமே ஒரு சாட்சி. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, மண் இளகியதும் மென்மையான தூரிகையாலும் பல்குச்சியாலும் எடுத்தால் போதும். எழுத்து மங்கலாக இருந்தால் தேய்க்காதீர்கள். இருட்டறையில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் டார்ச் அடித்துப் படம் எடுங்கள், நிழலில் எழுத்து எழும்பி நிற்கும்.

அடுத்த தவறு கழுகின் மார்பில் உள்ள கேடயத்தைப் படிப்பதில். 'ஐ' என்றால் காலாட்படை, 'சி' என்றால் குதிரைப்படை, 'ஏ' என்றால் பீரங்கிப்படை. அதோடு நிறுத்திக்கொண்டு "காலாட்படைச் சிப்பாயின் பட்டன்" என்று எழுதிவிடுகிறார்கள். 1861ஆம் ஆண்டு விதிமுறைப்படி எழுத்து வருவது அதிகாரியின் பட்டனில்தான். சிப்பாயின் பட்டனில் கேடயம் எழுத்தில்லாமல் இருக்கும். அளவும் வேறு: அதிகாரியின் கோட்டுப் பட்டன் 7/8 அங்குலம், அதாவது 22 மி.மீ.; சிப்பாயுடையது 3/4 அங்குலம், 19 மி.மீ. ஆகவே காலிப்பர் எனும் அளவுகோல் கொண்டு அளக்காமல் பேசக்கூடாது. 1850களின் நடுப்பகுதி வரை சிப்பாய்களுக்கும் எழுத்துப் பட்டன் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

முகத்தைப் பார்த்த கையோடு முதுகையும் பாருங்கள். 'ஸ்கோவில்ஸ் அண்ட் கோ' என்ற தயாரிப்பாளர் பெயர் இருந்தால் 1840களில் செய்தது. 'ஸ்கோவில் மேனுஃபேக்சரிங் கோ' என்ற பெயர் 1850இல் வந்தது. 'எக்ஸ்ட்ரா குவாலிட்டி', 'ட்ரெபிள் கில்ட்' என்பவற்றைச் சிலர் கம்பெனிப் பெயர் என்று குறித்து வைக்கிறார்கள். அவை தரத்தைப் பீற்றிக்கொள்ளும் சொற்கள், அவ்வளவுதான். தயாரிப்பாளர் வடக்கே கனெக்டிகட்டில் இருந்தார் என்பதற்காக அணிந்தவரும் வடக்கத்தியர் ஆகிவிட மாட்டார். போருக்கு முன் வர்ஜீனியா போன்ற தென்மாநிலங்களுக்கும் அங்கிருந்தே பட்டன் போயிற்று. பிடிபட்ட வடக்குச் சீருடையைத் தென்னவர் போட்டுக்கொண்டதும் உண்டு. எனவே பட்டன் சொல்வது எந்த மாதிரி, எங்கே செய்தது என்பதை மட்டுமே. யார் அணிந்தது என்பதை அது சொல்லாது.

'யூ.எஸ்.' என்று பொறித்த முட்டை வடிவத் தகடு கிடைத்தால் எல்லோரும் பெல்ட் பக்கிள் என்றே சொல்வார்கள். ஏறத்தாழ 56 × 86 மி.மீ. அளவில், அதே முகத்தோடு, தோட்டாப் பெட்டியின் மூடியிலும் ஒரு தகடு இருந்தது. பின்னால் திருப்பினால்தான் விடை: பெல்ட் தகட்டில் கொக்கிகள் இருக்கும், பெட்டித் தகட்டில் இரண்டு இரும்புக் கம்பி வளையங்கள். ஈயத்தில் பதித்த அந்தக் கம்பிகள் துருப்பிடித்து உதிரும் நிலையில் இருக்கும். சுரண்டினால் வளையம் போய்விடும், பெயரும் போய்விடும். ஈயத்தின் மேல் படியும் வெள்ளைப் பொடி நஞ்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழுகு உள்ள வட்டத் தகடும் பெல்ட்டுக்கு உரியதல்ல, தோட்டாப் பெட்டியைத் தாங்கும் தோள்வாரில் இருந்தது.

தொப்பிச் சின்னத்தில் வளைந்த கொம்பைக் கண்டு இசைக்குழு என்று நினைப்பார்கள். அது காலாட்படை. காலாட்படைக்குக் குறுக்குத் துப்பாக்கிச் சின்னம் வந்தது 1875இல்தான், அதனால் உள்நாட்டுப் போர்க்களத்தில் அது கிடைத்தால் பிற்கால வரவு.

பிறைதான் நிறையப் பேரைச் சறுக்க வைக்கிறது. அது வடக்குப் படையின் 11ஆம் கோரின் அடையாளம் (கோர் என்பது பல டிவிஷன்கள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு). தென் கரோலினாவின் பழைய சின்னமும் பிறையே. கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் இந்த இரு தரப்பாரும் போரிட்டார்கள். விண்மீனும் அப்படித்தான்: 1864 ஏப்ரலில் 11, 12ஆம் கோர்களை இணைத்து 20ஆம் கோரை அமைத்தபோது 12இன் விண்மீனையே அது எடுத்துக்கொண்டது. டிவிஷனைக் காட்டிய சிவப்பு, வெள்ளை, நீல நிறங்கள் துணியோடு மண்ணில் மக்கிப் போயிருக்கும். ஆகவே வெறும் உலோக விண்மீனை வைத்து டிவிஷன் சொல்வது ஊகம்.

போர்க்களத்தில் கிடைத்ததெல்லாம் போரில் விழுந்ததல்ல. 'ஜி.ஏ.ஆர்.' பட்டன், 1866இல் தொடங்கிய முன்னாள் வீரர் சங்கத்தினுடையது. 1913இல் கெட்டிஸ்பர்க்கில் முன்னாள் வீரர்களான பல்லாயிரம் முதியவர்கள் கூடினார்கள். 1918இல் அதே களத்தில் கேம்ப் கோல்ட் என்ற டாங்கிப் படைப் பயிற்சி முகாம், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர் தலைமையில் இருந்தது. 1902இல் வந்த, அமெரிக்க அரசு முத்திரைக் கழுகு கொண்ட பட்டன் அங்கே கிடைத்தால், அது இந்த முகாமில் விழுந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

குறிப்பு எழுதும்போது கிடைத்த இடம், ஆழம், அருகே இருந்தவை மூன்றையும் அன்றே எழுதுங்கள். தேசியப் பூங்காவாக உள்ள களங்களில் மெட்டல் டிடெக்டர் கொண்டு தோண்டுவது குற்றம். அங்கே கண்ணில் பட்டால் எடுக்காமல், இடத்தைக் குறித்துப் பூங்கா அதிகாரியிடம் சொல்லுங்கள்.