பழைய டீசல் லோகோவின் எஞ்சின் அறையைப் பார்ப்பது எப்படி

ரயிலை இழுக்கும் பழைய டீசல் லோகோவின் பக்கக் கதவைத் திறந்து முதல் தடவை உள்ளே எட்டிப் பார்க்கும்போது எதுவுமே பிடிபடாது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் குன்று, அதைச் சுற்றிக் குழாய்க்கு மேல் குழாய், எல்லாவற்றின் மேலும் எண்ணெய்ப் பிசுக்கு. நானும் அப்படி நின்றிருக்கிறேன். அப்புறம் ஒரு பழைய ஃபிட்டர் காட்டிய வழிதான் எனக்கு இன்றுவரை உதவுகிறது: எஞ்சினை மொத்தமாகப் பார்க்கவே கூடாது, ஏதாவது ஒரு குழாயைத் தேர்ந்தெடுத்து அது போகும் இடமெல்லாம் கூடவே போக வேண்டும். காற்று, டீசல், எண்ணெய், தண்ணீர், மின்சாரம் என்று ஐந்து பாதைகள். ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து முடித்துவிட்டால் அந்த அறையில் பெயர் தெரியாத சாமான் என்று அதிகம் மிஞ்சாது.

உதாரணத்துக்கு ஆல்கோ 251 எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். 1950களில் வந்த அமெரிக்க எஞ்சின் இது. இதைச் செய்த ஆல்கோ நிறுவனம் 1969இல் லோகோ கட்டுவதை நிறுத்திவிட்டது, ஆனால் கனடாவின் மான்ட்ரியலிலும் நம் வாரணாசியிலும் இதைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார்கள், அதனால்தான் உலகின் பல மூலைகளில் இன்னும் உயிரோடு பார்க்கக் கிடைக்கிறது. உங்கள் முன்னால் நிற்பது வேறு எஞ்சினாக இருந்தாலும் கவலை வேண்டாம், பாதைகள் அதேதான், சாமான்கள் இருக்கும் இடம் மட்டும் மாறும். (வண்டி முழுவதையும் லோகோ என்றும், உள்ளே இருக்கும் டீசல் எஞ்சினை மட்டும் எஞ்சின் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன், இல்லையென்றால் குழம்பிவிடும்.)

உள்ளே கால் வைக்கும் முன்

முதல் தடவை பார்ப்பது நின்று ஆறிய எஞ்சினாக இருக்கட்டும். ஓடும் எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை இருக்கும், ஆனால் அந்தச் சத்தத்தில் யோசிக்கவே முடியாது, எதையும் தொடவும் முடியாது. லோகோவுக்குப் பொறுப்பானவர் கூட இருக்க வேண்டும், பேட்டரி சுவிட்சை அவரே திறந்து மின்சாரத்தைத் துண்டித்து வைத்திருக்க வேண்டும், ஆள் உள்ளே இருக்கிறார் என்ற பலகை டிரைவர் கேபினில் தொங்க வேண்டும். மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தொங்கும் உடை வேண்டாம். தரையில் எண்ணெய் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடங்கள், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

இன்னும் இரண்டு விஷயம் பலர் சொல்வதில்லை. புகைக் குழாய்களைச் சுற்றியிருக்கும் வெள்ளையோ சாம்பலோ ஆன பழைய உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதைச் சுரண்டாதீர்கள், உதிர்ந்து கிடந்தால் கிளறாதீர்கள். அதேபோல் அந்தக் காலத்தில் குளிர்விக்கும் தண்ணீரில் துருப்பிடிக்காமல் இருக்க குரோமேட் உப்புகளைக் கலந்தார்கள், அது விஷம். மஞ்சளாகக் காய்ந்த கறை எங்காவது தெரிந்தால் வெறும் கையால் துடைக்காதீர்கள்.

எஞ்சினின் அடிப்பாகத்தில் இரு பக்கமும் வரிசையாக இருக்கும் கதவுகள் கிராங்க் கேஸ் கதவுகள், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டு இருக்கும் அடிப்பெட்டியின் கதவுகள். எஞ்சின் சூடாக இருக்கும்போது அவற்றை யாரும் திறக்கக் கூடாது. உள்ளே எண்ணெய் ஆவி நிரம்பியிருக்கும், எங்காவது ஒரு பேரிங் காய்ந்து சூடேறியிருந்தால், திறந்த உடனே புதுக் காற்று உள்ளே புகுந்து வெடித்துவிடும். இப்படி வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதற்காகவே சில கதவுகளில் ஸ்பிரிங் வைத்த மூடி இருக்கும், அழுத்தம் ஏறினால் திறந்து வெளியே விட்டுவிட்டு உடனே மூடிக்கொள்ளும். அதன் நேர் எதிரில் நிற்காமல் இருப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்தே பாதி தெரிந்துவிடும்

லோகோவின் கூரையைப் பாருங்கள். புகைபோக்கி இருக்கும் இடத்துக்குக் கீழே டர்போ, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனம். பெரிய வட்ட விசிறிக் கிராதி இருக்கும் இடத்தில் ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவில் எஞ்சின். டிரைவர் கேபினை ஒட்டிய பெட்டியில் மின்சாரச் சாமான்கள், அடுத்தது ஜெனரேட்டர். இதை மனதில் வாங்கிக்கொண்டு ஏறினால் உள்ளே திசை தவறாது.

காற்று

பக்கச் சுவரில் இருக்கும் வடிகட்டியிலிருந்து தொடங்குங்கள். அங்கே நுழையும் காற்று டர்போவின் ஒரு பாதியில் இழுக்கப்பட்டு அழுத்தப்படுகிறது, அழுத்தும்போது சூடாகிவிடுவதால் தண்ணீர் ஓடும் ஒரு குளிர்விப்பான் வழியாகப் போய், அப்புறம்தான் சிலிண்டர்களுக்கு வருகிறது. எரிந்து முடிந்த புகை தலைக்கு மேலே ஓடும் தடித்த குழாயில் சேர்ந்து டர்போவின் மறு பாதியைச் சுழற்றிவிட்டுப் புகைபோக்கியில் வெளியேறுகிறது. அதாவது வெளியே போகும் புகைதான் உள்ளே வரும் காற்றைத் தள்ளுகிறது.

ஆல்கோ லோகோக்கள் கிளம்பும்போது கறுப்பாகப் புகை கக்குவதற்குக் காரணமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. டிரைவர் நாட்ச் (கைப்பிடியின் படி) ஏற்றிய உடனே டீசல் அதிகமாக வந்துவிடும், ஆனால் டர்போ வேகம் பிடிக்கச் சில வினாடிகள் ஆகும், அதுவரை காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரியும். டர்போ வேகம் எடுத்ததும் புகை தெளிந்துவிடும். லோகோ கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டியதில்லை.

இஎம்டி என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் 567 போன்ற எஞ்சினாக இருந்தால் கதை வேறு. அது 2 ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தடவை எரியும். அதில் பெரும்பாலும் டர்போவுக்குப் பதிலாக எஞ்சினே கியர் மூலம் சுற்றும் புளோயர் இருக்கும், காற்று லைனரின் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் சுவர்) பக்கத்தில் இருக்கும் துளைகள் வழியாக நுழையும், மேலே இருக்கும் வால்வுகள் நான்கும் புகை வெளியேற மட்டும். 567 என்ற பெயரே ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, கன அங்குலத்தில். ஆல்கோ 251இல் அதே கணக்கு 668 வரும்: சிலிண்டரின் விட்டம் 9 அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் 10.5 அங்குலம். நம் கணக்கில் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 11 லிட்டர், 16 சிலிண்டர் என்றால் 175 லிட்டர். ஒரு கழற்றிய பிஸ்டன் எங்காவது ஓரமாக வைத்திருந்தால் அதன் தலையில் உங்கள் உள்ளங்கையை விரித்து வைத்துப் பாருங்கள், விரல் நுனி ஓரத்தைத் தொடாது. எண்ணில் புரியாதது அப்போது புரியும்.

டீசல்

எனக்கு மிகவும் பிடித்த பாதை இது. அடியில் தொங்கும் டாங்கிலிருந்து ஒரு சின்ன மின்சார பம்ப் டீசலை இழுத்து, வடிகட்டி வழியாக எஞ்சினின் இரு பக்கமும் ஓடும் மெல்லிய குழாய்களுக்கு அனுப்புகிறது. ஆல்கோவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் வெளிப்பக்கம் கைப்பிடி அளவில் ஒரு தனி பம்ப் இருக்கும், அதிலிருந்து விரல் தடிமனில் ஒரு குட்டையான குழாய், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும். சின்னக் குழாய்தான், ஆனால் அதற்குள் ஏறும் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 200 மடங்குக்கும் மேல். கசிகிறதா என்று ஓடும் எஞ்சினில் விரலால் தடவிப் பார்க்கவே கூடாது, ஊசிபோல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எஞ்சின் நின்றிருக்கும்போது அந்த பம்ப் ஒன்றின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். பல் வெட்டிய ஒரு சின்னக் கம்பி பம்ப்புக்குள் நுழைந்திருக்கும், அதுதான் ரேக். எல்லா ரேக்குகளையும் எஞ்சினின் நீளத்துக்கு ஓடும் ஒரு தண்டு சேர்த்துப் பிடித்திருக்கும், அந்தத் தண்டின் மறுமுனையைப் பிடித்திருப்பது எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். கேபினில் டிரைவர் கைப்பிடியைத் திருப்பினால் டீசல் நேராகக் கூடுவதில்லை. கவர்னருக்கு ‘இவ்வளவு சுற்று வேண்டும்’ என்ற உத்தரவுதான் போகிறது, எவ்வளவு டீசல் விடுவது என்பதைக் கவர்னரே முடிவு செய்கிறது. பெரும்பாலான ஆல்கோக்களில் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று, 8வது நாட்ச்சில் ஏறக்குறைய 1000. 2000 குதிரைத்திறனுக்கு மேல் போகும் ஒரு எஞ்சின், விரல் நீளம்கூட நகராத இந்தக் கம்பிகளுக்குக் கட்டுப்பட்டு ஓடுகிறது. நான் எந்த லோகோவில் ஏறினாலும் முதலில் தேடுவது இதைத்தான்.

எண்ணெயும் தண்ணீரும்

எண்ணெயைப் பார்க்க டிப்ஸ்டிக்கே போதும். உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, அளவைப் பார்த்ததும் விட்டுவிடாதீர்கள். ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேயுங்கள். கறுப்பாக இருப்பது தப்பில்லை, டீசல் எஞ்சினின் எண்ணெய் கறுப்பாகத்தான் இருக்கும். வழுவழுப்பு இல்லாமல் நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால், எங்கோ இன்ஜெக்டரோ குழாயோ உள்ளே கசிகிறது. பால் கலந்த தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, லைனரின் சீலோ ஹெட்டோ (சிலிண்டரின் மேல் மூடி) போயிருக்கலாம், அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்வதைப் பற்றிப் பேசவே கூடாது. இந்த எண்ணெய் பேரிங்குகளை மட்டும் காப்பதில்லை, கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டுக்குள் துளை வழியாக ஏறி, அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்குள் போய், பிஸ்டனின் தலையை உள்ளிருந்து குளிர்வித்துவிட்டுக் கீழே விழுகிறது.

தண்ணீர்ப் பாதை எளிது. பம்ப், லைனர்களைச் சுற்றிய இடம், ஹெட், ரேடியேட்டர், திரும்பவும் பம்ப். கண்ணாடிக் குழாயில் மட்டத்தைப் பாருங்கள், போதும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அமெரிக்க லோகோக்களில் வழக்கமாக உறையாமல் இருக்க எதுவும் கலக்காத தண்ணீர்தான் ஓடியது, அதனால் பனிக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் எஞ்சினை இரவெல்லாம் ஓடவிட்டார்கள், இல்லையென்றால் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும்.

மின்சாரம்

எஞ்சினின் பின்முனையில் பீப்பாய் மாதிரி இருப்பது மெயின் ஜெனரேட்டர். எஞ்சின் சக்கரத்தை நேராகச் சுற்றுவதில்லை, இந்த ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, அதில் வரும் மின்சாரம் கீழே அச்சுகளில் இருக்கும் டிராக்ஷன் மோட்டார்களுக்குப் போகிறது. பொறுப்பானவர் மூடியைக் கழற்றிக் காட்டினால் கம்யூட்டேட்டரை, அதாவது கார்பன் பிரஷ்கள் உரசி மின்சாரத்தை வெளியே எடுக்கும் செம்பு உருளையை, டார்ச் அடித்துப் பாருங்கள், கை மட்டும் வைக்காதீர்கள். செம்புப் பட்டைகள் பளபளவென்று புதுச் செம்பாக இருந்தால் நல்லது என்றுதான் தோன்றும், ஆனால் ஆரோக்கியமான கம்யூட்டேட்டரின் நிறம் சாக்லேட் பழுப்பு, ஒரே சீராக, லேசான மினுமினுப்போடு. இடையிடையே கறுத்த பட்டைகள் தெரிந்தால் அங்கே தீப்பொறி பறந்திருக்கிறது. கார்பன் பிரஷ்களின் நீளத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

கேபினை ஒட்டிய பெட்டியில் கான்டாக்டர்கள் என்ற பெரிய மின் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். இங்கே ஓடுவது பல நூறு வோல்ட். எஞ்சின் ஓடும்போது இந்தக் கதவு மூடியே இருக்கட்டும்.

ஸ்டார்ட் செய்யும்போது எங்கே நிற்பது

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஆட்கள் எஞ்சினை எழுப்பப் போகிறார்கள். காதுக்கு அடைப்பு போட்டுக்கொள்ளுங்கள். நாள்கணக்கில் நின்ற எஞ்சின் என்றால் உடனே பட்டனை அமுக்க மாட்டார்கள், அமுக்கவும் கூடாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் இருக்கும் சோதனைத் திறப்பைத் திறந்துவிட்டு, இரும்புக் கம்பி போட்டு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுவார்கள். 4 ஸ்ட்ரோக் எஞ்சினில் எல்லா சிலிண்டரும் ஒரு தடவை அழுத்தத்துக்கு வர இரண்டு சுற்று வேண்டும். ஏதாவது திறப்பில் தண்ணீரோ எண்ணெயோ துப்பினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் அமுங்காது, அது நிற்கும் சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இந்த வேலைக்கு அரை மணி நேரம் பிடித்தாலும் பொறுமையாக நின்று பாருங்கள், இதைத் தாண்டிக் குதிக்கும் இடத்தில் இருக்கும் லோகோ ரொம்ப நாள் தாங்காது.

திறப்புகளை மூடியதும் டீசல் பம்ப் முனகத் தொடங்கும். அழுத்தம் ஏறியதும் ஸ்டார்ட். இங்கே தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் எதையும் தேடாதீர்கள், பேட்டரி மின்சாரம் மெயின் ஜெனரேட்டருக்குள்ளேயே போகிறது, அது கொஞ்ச நேரம் மோட்டாராகி எஞ்சினைச் சுற்றுகிறது. அந்த நேரத்தில் உங்கள் கண் ரேக் மேல் இருக்கட்டும். முதலில் எஞ்சின் மட்டும் மெதுவாகப் புரளும், அப்புறம் தண்டு திரும்பி எல்லா ரேக்கும் ஒன்றாக உள்ளே நகரும், அடுத்த கணம் ஒரு சிலிண்டர் பிடிக்கும், பின்னாலேயே இன்னொன்று, காலுக்கடியில் இரும்புத் தரை அதிரும், எஞ்சின் வேகம் பிடித்ததும் ரேக்குகள் பின்வாங்கி ஓரிடத்தில் லேசாக நடுங்கிக்கொண்டு நிற்கும். கவர்னர் பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

உடனே எண்ணெய் அழுத்தமானியைப் பாருங்கள், அப்புறம் வெளியே வந்து புகையை. குளிர்ந்த எஞ்சினில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது இயல்பு, அது எரியாத டீசல். சூடான பிறகும் நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. சும்மா நிற்கும்போதே விடாமல் கறுப்பாக வந்தால் இன்ஜெக்டரையோ காற்று வடிகட்டியையோ சந்தேகப்படலாம்.

கடைசியாக, எஞ்சினை நிறுத்தும்போது அவசரமாக இறங்கிவிடாதீர்கள். எஞ்சின் சத்தம் அடங்கிய பிறகும் டர்போ தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும், மெல்லிய விசில் மாதிரி. ஆல்கோவில் அது ஒரு நிமிடத்துக்கு மேலேயே நீடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து வரும். சட்டென்று நின்றால் பேரிங் பிடிக்கிறது, உரசல் சத்தம் கேட்டால் உள்ளே ஏதோ இடிக்கிறது, இரண்டையும் கூட இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். காதடைப்பைக் கழற்றிவிட்டு டர்போ பக்கம் நின்று, கையில் வாட்ச் வைத்துக்கொண்டு, அது முழுக்க ஓயும்வரை எண்ணுங்கள். அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வைத்தால் அடுத்த தடவை வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.