காலர் ஐடி வரவில்லையா? பொருளை மாற்றும் முன் லைனைக் கேளுங்கள்

பாரிமுனை, மண்ணடி, தண்டையார்பேட்டைப் பக்கம் லேண்ட்லைனை விடாத அலுவலகங்கள் இன்னும் உண்டு. கிளியரிங் ஏஜென்ட், லாரி புக்கிங், மரைன் ஸ்டோர் என்று. பழைய வாடிக்கையாளர்கள் கையில் அந்த நம்பர்தான் இருக்கிறது. அங்கே ஈபிஏபிஎக்ஸ் (வெளி லைனை அலுவலகத்துக்குள் பல போன்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள், ஆரம்பத்தில் நான் தடுமாறிய அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். எக்ஸ்சேஞ்சில் காலர் ஐடி, அதாவது கூப்பிடுபவரின் நம்பரைக் காட்டும் சேவையைக் கேட்டு வாங்காதது, பேட்டரி தீர்ந்த போன், இவையெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த முறை என்று பார்க்காமல் பொருளை மாற்றுவது

மண்ணடியில் ஒரு கிளியரிங் அலுவலகம். பேச்சு தெளிவாகக் கேட்கிறது, கூப்பிடுபவரின் நம்பர் மட்டும் வரவில்லை. வேலைக்குப் போன தம்பி முதலில் போனை மாற்றினான். அப்புறம் ஈபிஏபிஎக்ஸ் கார்டை மாற்றினான். கடைசியில் மாடிவரை புது கேபிள் இழுத்தான். "அண்ணே, எல்லாத்தையும் மாத்திட்டேன், லைன்தான் கோளாறு" என்று என்னிடம் வந்தான். லைனில் ஒரு கோளாறும் இல்லை. அத்தனைக்கும் பில் கட்டியது அந்த முதலாளி. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் மாற்ற வேண்டியிருந்தது கார்டில் இருந்த ஒரே ஒரு செட்டிங்.

நம்பரை அனுப்ப உலகம் முழுக்க ஒரே முறை கிடையாது. அமெரிக்காவில் பெல் 202 என்ற முறை. முதல் மணி அடித்து ஓய்ந்ததும், இரண்டாவது மணிக்கு முன் உள்ள இடைவெளியில், நொடிக்கு 1200 பிட் வேகத்தில் தகவல் வரும். 1 என்றால் 1200 ஹெர்ட்ஸ், 0 என்றால் 2200. பிரிட்டனில் இருக்கும் வி.23 முறையில் அதுவே 1300, 2100. இந்த வித்தியாசம் சின்னது, பல சிப்கள் இரண்டையும் படித்துவிடும். ஆகவே அதிர்வெண்ணில் தலையைக் கொடுக்காதீர்கள். எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் மணி அடிப்பதற்கு முன்பே லைனின் பிளஸ் மைனஸ் புரண்டு, தகவல் வந்து முடிந்துவிடும்.

நம் ஊர் லைன்களில் நெடுங்காலமாக இருப்பது டிடிஎம்எஃப். போனில் பட்டனை அழுத்தினால் வருகிற அதே இரட்டை ஒலிகளில், முதல் மணிக்கு முன்பே நம்பர் வந்துவிடும். அதற்கு அடையாளமாகப் பொலாரிட்டி, அதாவது லைனின் பிளஸ் மைனஸ், புரளும். பெல் முறைக்கு வைத்த கார்டோ, வெளிநாட்டிலிருந்து வந்த போனோ முதல் மணி அடிக்கும் வரை காதை மூடிக்கொண்டு இருக்கும். அது கேட்கத் தொடங்கும்போது நம்பர் போயே போய்விட்டது. எக்ஸ்சேஞ்ச் மறுபடி அனுப்பாது. கணினியையே ஈபிஏபிஎக்ஸ் ஆக்கும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளில், பொலாரிட்டி புரண்டதும் டிடிஎம்எஃப்பைக் கேள் என்று இந்தியாவுக்கென்றே தனித் தெரிவு வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு முதலில் இருக்கும் 'ரிங்' தெரிவிலேயே வேலையை முடித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் என்ன சொல்வது?

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் லைனில் வையுங்கள். சும்மா இருக்கும்போது 48 வோல்ட் அளவில் காட்டும். வேறொரு போனிலிருந்து கூப்பிட்டால், மணிக்கு முன் மைனஸ் குறி மாறுகிறதா என்று கவனியுங்கள். பிறகு டெஸ்ட் போனை மானிட்டரில் (லைனை எடுக்காமல் ஒலியை மட்டும் கேட்கும் நிலை) போட்டுக் கேளுங்கள். பட்டன் தட்டுவது போல் வேகமாக ஒலித்தால் டிடிஎம்எஃப். கிறீச்சென்று ஒரே இழுப்பாக வந்தால் பெல் அல்லது வி.23 வகை. மணி அடிக்கும்போது லைனில் 75 வோல்ட் அளவுக்கு ஏசி ஓடும். வெறும் கையால் கம்பியைத் தொடாதீர்கள், மணிக்கு முன் காதிலிருந்து போனை எடுத்துவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் இது மாறலாம். ராயபுரத்தில் சரியாக வந்த செட்டிங்கை அப்படியே திருவொற்றியூரில் போட்டுவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு லைனிலும் கேட்டுப் பாருங்கள்.

பொலாரிட்டி புரண்டால் கட் பண்ணு என்று வைப்பது

மறுமுனையில் எடுத்ததையோ வைத்ததையோ சொல்லவும் சில லைன்களில் இதே புரளல் பயன்படுகிறது. இரண்டையும் ஒரே லைனில் இயக்கினால், நம்பருக்கு முன் வரும் புரளலையே அழைப்பு முடிந்ததென்று கார்டு எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். வாடிக்கையாளர் "மணியே அடிக்கல" என்பார்.

முதல் மணியிலேயே எடுக்கச் சொல்வது

மணிகளுக்கு இடையில் நம்பர் வரும் லைனில் இதைச் செய்தால், எடுத்த நொடியே நம்பர் போய்விடும்.

நேரடி லைனில் வருகிறது, எக்ஸ்டென்ஷனில் வரவில்லை என்று லைன்மேனைக் கூப்பிடுவது

ஈபிஏபிஎக்ஸ்தான் நம்பரை வாங்கி, எக்ஸ்டென்ஷனுக்குத் தன் முறையில் புதிதாக அனுப்ப வேண்டும். லைன்மேனுக்கு அங்கே வேலையில்லை.

உப்புக்காற்றை மறப்பது

காசிமேட்டுக் கடலோரத்தில் ஜங்ஷன் பாக்ஸ் திருகுகள் பச்சை பூத்துப்போகும். பேச்சில் கொஞ்சம் இரைச்சல் வந்தால் நாம் பொறுத்துக்கொள்வோம். கிறீச் முறையில் ஒரு பிட் தப்பினாலும் கடைசியில் வரும் செக்சம் (தகவல் சரியாக வந்ததா என்று பார்க்கும் கூட்டுத்தொகை) பொருந்தாது, போன் மொத்தத்தையும் தள்ளிவிடும். மழைக்காலத்தில் மட்டும் நம்பர் வராமல் போனால் முதலில் பெட்டியைத் திறந்து திருகைச் சுத்தம் செய்யுங்கள்.

'பிரைவேட்' என்று வந்தால்

பழுதல்ல. கூப்பிட்டவர் மறைத்திருக்கிறார்.

திரையில் வந்த நம்பரைச் சான்றாக எடுப்பது

எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே நம்பர் தனி சிக்னலிங் பாதையில் வருகிறது. கடைசிக் கம்பியில்தான் ஒலியாக மாறுகிறது. கிளம்பும் இடத்தில் பிஆர்ஐ என்ற டிஜிட்டல் லைன் வைத்திருக்கும் ஒரு ஈபிஏபிஎக்ஸ், அங்கே சரிபார்ப்பு இல்லாவிட்டால், தனக்குப் பிடித்த நம்பரை அனுப்பலாம். உங்கள் போன் வந்ததைக் காட்டும், அவ்வளவுதான். சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர் விஷயமாக ஒருவர் பேசினால், போனை வைத்துவிட்டு ஃபைலில் இருக்கும் நம்பருக்கு நாமே திரும்பக் கூப்பிட வேண்டும். இதை அலுவலகத்தில் போன் எடுப்பவரிடம் சொல்லாமல் படியிறங்காதீர்கள்.