டெல்லியில் ஹாக்கித் தொடர்: புள்ளிப்பட்டியலை நோட்டிலேயே போடுவது எப்படி?

தகுதிச் சுற்றுத் தொடர்களில் அணிகளுக்குள் ஏற்றத்தாழ்வு ரொம்பவே அதிகம். 2013 பிப்ரவரியில் இந்தியா கேட் பக்கம் உள்ள மேஜர் தயான்சந்த் மைதானத்தில் நடந்த உலக லீக் 2வது சுற்றில் இந்தியா ஃபிஜியை 16-0 என்று வென்றது. இப்படி ஒரே ஒரு ஆட்டம் கோல் வித்தியாசத்தைப் புரட்டிப் போட்டுவிடும். அதனால் ஆர்.கே.புரத்திலிருந்தோ மயூர் விஹாரிலிருந்தோ மேட்ச் பார்க்கக் கிளம்பும்போது ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டுக் கட்டம் போதும்: ஆட்டம், வெற்றி, டிரா, தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல், வித்தியாசம், புள்ளி. வெற்றிக்கு 3, டிராவுக்கு 1. ஆறு அணி லீக் என்றால் மொத்தம் 15 ஆட்டம்.

கோலைக் குறிப்பதில்தான் தப்பு நடக்கும். பந்து கோலுக்குள் அடியில் இருக்கும் பலகையில் 'டக்' என்று இடிக்கும், கூட்டம் கத்தும், உடனே எழுதிவிடாதீர்கள். 'டி'க்கு (கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம்) வெளியிலிருந்து அடித்த பந்து, உள்ளே தாக்கும் அணியின் ஸ்டிக்கில் படாமல் போயிருந்தால் அது கோல் இல்லை. பெனால்டி கார்னரில் (தடுக்கும் அணியின் தவறுக்காக, கோல் இருக்கும் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்கும் வாய்ப்பு) முதல் அடி 'ஹிட்'டாக (ஸ்டிக்கை வீசி அடிப்பது) இருந்து, கோல் கோட்டைத் தாண்டும்போது 46 செ.மீ. பலகைக்கு மேலே போனாலும் செல்லாது. பந்தை ஸ்டிக்கோடு இழுத்துத் தூக்கி எறியும் டிராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அம்பயர் இரண்டு கையையும் மைதான நடுவைப் பார்த்து நீட்டிய பிறகுதான் நிமிடம், ஜெர்சி எண் எழுத வேண்டும். கார்னர் கோலுக்கு 'கா', பெனால்டி ஸ்ட்ரோக்குக்கு (கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து ஒருவர் அடிப்பது) 'ஸ்'.

ஹூட்டர் அடித்ததும் நோட்டை மூடிவிட வேண்டாம். கார்னர் கொடுத்த பிறகு நேரம் முடிந்தாலும் அந்தக் கார்னரை ஆடி முடித்தே தீருவார்கள். அதில் விழும் கோல் கணக்கில் சேரும்.

ஒவ்வொரு நாள் ஆட்டமும் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். வித்தியாசக் கட்டத்தின் மொத்தம் 0 வர வேண்டும். வெற்றியும் தோல்வியும் சமமாக இருக்க வேண்டும். டிரா கட்டத்தின் மொத்தம் இரட்டைப்படை எண்ணாகத்தான் வரும். வரவில்லையென்றால் ஏதோ ஓர் அணிக்கு எழுதி, எதிரணிக்கு எழுத விட்டிருப்பீர்கள்.

இரண்டு அணிகள் சம புள்ளியில் நின்றால் பலரும் பழைய பழக்கத்தில் நேரே கோல் வித்தியாசத்துக்குப் போய்விடுகிறார்கள். சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பின் தொடர்களில் இப்போது முதலில் பார்ப்பது வெற்றிகளின் எண்ணிக்கை. ஐந்து ஆட்டத்தில் ஓர் அணி 2 வெற்றி, 1 டிரா, 2 தோல்வி. இன்னொன்று 1 வெற்றி, 4 டிரா. இரண்டுக்கும் 7 புள்ளி. இரண்டாவது அணி ஒன்றில்கூடத் தோற்கவில்லை, பலவீனமான அணியை 9-0 என்று அடித்து +9 வைத்திருக்கிறது. முதல் அணிக்கோ -2. ஆனாலும் மேலே நிற்பது முதல் அணிதான். வெற்றியும் சமம் என்றால் கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல், அதன்பின் இருவரும் மோதிய ஆட்டத்தின் முடிவு. ஒரு சுற்றோடு நின்றுபோகும் சிறிய அணிகளுக்கு இந்த வரிசை வாழ்வா சாவா விஷயம், கவனமாகப் போடுங்கள்.

நாக் அவுட்டில் டிரா ஆனால் ஷூட்-அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவர் கோல்கீப்பரை மட்டும் எதிர்த்துக் கோல் போட 8 விநாடி, அணிக்கு ஐந்து பேர். அந்த கோல்களைத் தனியாக ஓர் ஓரத்தில் எழுதுங்கள். ஆட்டத்தின் ஸ்கோரில் கூட்டக் கூடாது.