நைரோபி வழியாக மசாய் மாரா: திட்டம் எங்கே இடறுகிறது?

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குக் கிளம்புபவர் டிக்கெட்டில் பார்ப்பது ‘நைரோபி’ என்ற ஒரு பெயரைத்தான். ஆனால் அந்த ஊரில் பயணிகள் விமானம் ஏறுவது இரண்டு இடங்களில். வெளிநாட்டு விமானங்கள் இறங்குவது நகரின் தென்கிழக்கே உள்ள ஜோமோ கென்யாட்டா நிலையத்தில். மாராவுக்குப் போகும் சிறிய விமானங்கள் பெரும்பாலும் புறப்படுவது லங்காட்டா சாலையில் உள்ள வில்சன் நிலையத்திலிருந்து. சஃபாரித் திட்டங்களில் நடக்கும் பெரும்பாலான குளறுபடிக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கணக்கில் எடுக்காததே காரணம்.

தூரம் என்னவோ சுமார் 18 கிலோமீட்டர்தான். ஞாயிறு காலையில் அரை மணியில் போய்விடலாம். வார நாளில் காலை 6:30 முதல் 9 மணி வரையும், மாலை 4:30க்குப் பிறகும் அதே தூரம் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மழை பெய்தால் இன்னும் கூடும். 2022இல் திறந்த 27 கிலோமீட்டர் கட்டண விரைவுச்சாலை இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. அது ம்லோலோங்கோவிலிருந்து வெஸ்ட்லாண்ட்ஸ் வரை போகிறது. வெஸ்ட்லாண்ட்ஸ் பக்கம் தங்குபவருக்கு அது பெரிய வரம். வில்சனுக்குப் போக வேண்டியவர் பாதியிலேயே இறங்கி நெரிசலுக்குள் நுழைந்தாக வேண்டும்.

ஓர் உதாரணம். விமானம் காலை 6 மணிக்கு இறங்குகிறது. குடியேற்ற வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய ஏழேகால், ஏழரை ஆகும். சரியாக உச்ச நெரிசலில் வண்டி கிளம்பி, வில்சனை எட்டும்போது மணி ஒன்பதைத் தொட்டிருக்கும். எட்டு மணி வாக்கில் கிளம்பும் மாரா விமானத்தைப் பதிவு செய்திருந்தால் அது போயே போய்விட்டது. தரையிறங்கும் நேரத்துக்கும் வில்சனில் புறப்படும் நேரத்துக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். நண்பகலுக்குப் பிறகு இறங்குபவர்கள் அன்றே மாராவுக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டு, ஓர் இரவு நைரோபியில் தங்குவதே நல்லது. மாராவின் ஓடுதளங்களில் விளக்கு கிடையாது. பகல் வெளிச்சம் இருக்கும்போதே விமானம் இறங்கியாக வேண்டும். மாலை விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள்தான்.

இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் பன்னாட்டு விமானம் தாமதமானால் சிறிய விமான நிறுவனம் காத்திருக்காது. பணத்தைத் திருப்பித் தரும் கடமையும் அதற்குப் பொதுவாக இல்லை. தவறவிட்ட இணைப்புக்கு ஈடு தருகிற பயணக் காப்பீடா என்று பாலிசியின் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வண்டி ஏற்பாடு செய்யும்போது ஒரு நுணுக்கம். சுவாஹிலியில் மணிக்கணக்கு சூரியோதயத்தில் தொடங்குகிறது. ‘சா மோஜா’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘மணி ஒன்று’. நம் கடிகாரத்தில் அது காலை 7. ஆங்கிலத்தில் பேசும் ஓட்டுநர்கள் வழக்கமான கணக்கையே சொல்வார்கள் என்றாலும், வாய்மொழியாகப் பேசி முடிக்காமல் ‘07:00’ என்று எழுதி அனுப்பி உறுதிசெய்துகொள்ளுங்கள். நைரோபி நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால் இருக்கிறது. வீட்டிலிருந்து அலாரம் வைத்துக் கிளம்புபவர்கள் இதிலும் சறுக்குகிறார்கள்.

<b>பதினைந்து கிலோ</b>

சர்வதேச டிக்கெட்டில் 23 கிலோப் பெட்டி இரண்டு அனுமதித்திருப்பார்கள். மாரா விமானத்தில் பொதுவான அளவு ஆளுக்கு 15 கிலோ. கைப்பையும் கேமராவும் அதில் அடக்கம். இது கெடுபிடிக்காகப் போட்ட விதி அல்ல. செஸ்னா கேரவன் போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் சுமார் 12 பேர் உட்காருவார்கள். சாமான்கள் பெரும்பாலும் வயிற்றுப் பகுதியில் தொங்கும் ஆழமில்லாத பெட்டிக்குள் போகும். அதன் கதவு சிறியது. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை வளைக்க முடியாது என்பதால் உள்ளே நுழைக்கவே முடியாமல் போகலாம். தவிர, நைரோபியும் மாராவும் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. அங்கே காற்று அடர்த்தி குறைவு. வெயில் ஏறினால் இன்னும் குறையும். தூக்கும் சக்தியும் அதற்கேற்பக் குறைகிறது. ஒவ்வொரு கிலோவையும் எடை பார்ப்பது இதனால்தான்.

துணியால் ஆன டஃபல் பை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியை நைரோபி விடுதியில் வைத்துவிட்டுப் போகலாம். பெரிய லென்ஸ் கொண்டுபோகும் புகைப்படக்காரர்கள் கூடுதல் எடைக்கு முன்கூட்டியே பணம் கட்டி எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கவுன்டரில் போய்க் கேட்டால், இடமிருந்தால்தான் தருவார்கள். இன்னொன்று: முறுக்கு, புளியோதரைப் பொடி எல்லாம் கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் பையோடு வேண்டாம். கென்யாவில் 2017 ஆகஸ்ட் 28 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. டியூட்டி ஃப்ரீ கவரும் இதில் சேரும்.

<b>எந்த ஓடுதளம்?</b>

‘மாரா’ என்று டிக்கெட் எடுப்பது, ‘நீலகிரி’ என்று பஸ் டிக்கெட் கேட்பதைப் போன்றது. கீகொரோக், ஓல் கியோம்போ, முசியாரா, மாரா செரீனா, கிச்வா டெம்போ, மாரா நார்த் என்று ஓடுதளங்கள் பல. விமானம் ஒன்றில் இறங்கி ஆளை இறக்கிவிட்டு அடுத்ததற்குத் தாவும். தாவும் வரிசை அன்றைய பயணிகளைப் பொறுத்து மாறும். எனவே முதல் தளத்தில் எல்லோரும் எழுந்தால் நீங்களும் எழ வேண்டாம். விமானியிடம் பெயரைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். தவறான தளத்தில் இறங்கினால் முகாமுக்கு இரண்டு மணி நேரம் காட்டு வழியில் போக வேண்டியிருக்கும். நடுவில் மாரா ஆறு வந்தால் பாலத்தைத் தேடிச் சுற்ற வேண்டும். முகாமிடம் முதலில் தளத்தின் பெயரைக் கேளுங்கள். டிக்கெட் எடுப்பது அதற்குப் பிறகு.

<b>சாலையில் போனால்</b>

நைரோபியிலிருந்து ரிஃப்ட் பள்ளத்தாக்கின் சரிவில் இறங்கி, மாய் மாஹியு, நரோக் வழியாகக் காப்பகத்தின் செகெனானி வாசல் வரை ஐந்திலிருந்து ஆறு மணி நேரம். வரைபடச் செயலி காட்டும் நேரத்தை நம்பக் கூடாது. சரிவில் லாரிகள் ஊர்ந்து ஏறும். ஊருக்கு ஊர் வேகத்தடைகள் உண்டு. நரோக்கில் டீசல், கழிப்பறை, சாப்பாடு என்று அரை மணியாவது போகும். நரோக்கிலிருந்து செகெனானி வரை இப்போது தார்ச்சாலைதான். நேரத்தைத் தின்பது வாசலைத் தாண்டிய பிறகு வரும் மண் பாதை. ஆற்றுக்கு மேற்கே, மாரா முக்கோணத்தில் உங்கள் விடுதி இருந்தால் மேலும் இரண்டு மணி நேரம் சேருங்கள். காலை 7 மணிக்கு முன்பே கிளம்புங்கள். மதியம் கிளம்பினால் இருட்டில் போய்ச் சேர வேண்டியிருக்கும். விளக்கில்லாமல் நிற்கும் லாரியும் குறுக்கே வரும் மாடுகளும் உள்ள அந்தச் சாலையில் இரவுப் பயணம் உண்மையிலேயே ஆபத்து.

மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். மாராவின் கரிசல் மண் அப்போது சேறாகிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் லேண்ட் குரூசர் தேவைப்படும் காலம் அது. விலை குறைவென்று வேனை எடுத்தால் பாதி நாள் சேற்றில் போகும்.

<b>செரெங்கெட்டி பக்கத்தில்தானே?</b>

வரைபடத்தில் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த எல்லையை மான் கடக்கும். சுற்றுலாப் பயணி கடக்க முடியாது. 1977இல் மூடிய எல்லை அது. தரைவழியாகப் போக மேற்கே இசெபானியா சோதனைச்சாவடிக்குச் சுற்ற வேண்டும். சிறிய விமானத்தில் மிகோரி வரை போய், வண்டியில் எல்லையைக் கடந்து, தாரிமேயில் வேறு விமானம் ஏறும் வழியும் உண்டு. எப்படிப் போனாலும் ஒரு பகல் முழுவதும் போகும். அந்த நாளில் ‘மாலை சஃபாரி’ என்று எழுதிய திட்ட அட்டவணையை நம்பாதீர்கள். கென்ய சஃபாரி வண்டியும் ஓட்டுநரும் எல்லையோடு நின்றுவிடுவார்கள். அந்தப் பக்கம் வேறு வண்டி காத்திருக்க வேண்டும்.

<b>திரும்பும் நாள்</b>

இங்கேதான் பணமும் நேரமும் சேர்ந்து போகிறது. மசாய் மாரா நுழைவுக் கட்டணம் 2024இலிருந்து, ஜூலை–டிசம்பரில் வெளிநாட்டுப் பெரியவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர்; ஜனவரி–ஜூனில் 100 டாலர். காப்பகத்துக்குள் தங்கியவர் கடைசி நாள் காலை 10 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. மதியம் 3 மணி விமானத்தைப் பதிவு செய்பவர் இன்னொரு நாள் கட்டணம் வருமா என்று முகாமிடம் முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

மாலை விமானம் வில்சனில் இறங்கும் நேரமும் நைரோபி அலுவலகங்கள் விடும் நேரமும் ஒன்றே. கென்யாட்டா நிலையத்துக்குள் நுழையும் முன் வெளிவாசலில் பயணிகள் இறங்கிச் சோதனையைக் கடந்து நடக்க வேண்டியிருக்கலாம். வண்டியைத் தனியாகச் சோதிப்பார்கள். அங்கேயும் வரிசை நிற்கும். எந்த டெர்மினல் என்பதை ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வில்சனில் இறங்குவதற்கும் பன்னாட்டு விமானம் கிளம்புவதற்கும் ஐந்து மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கடைசியாக, இந்தியா திரும்பும்போது காட்ட வேண்டிய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். செல்லுபடியாகும் சான்று இல்லாமல் கென்யாவிலிருந்து வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில் மட்டும் என்பதால் ஒரு மாதம் முன்பே நாள் குறித்துக்கொள்ளுங்கள். கென்யாவுக்கான மின்னணுப் பயண அனுமதியையும் அந்த வாரமே விண்ணப்பித்துவிடலாம். குழந்தைக்கும் தனியாக வேண்டும். தடுப்பூசிச் சான்றான மஞ்சள் அட்டையில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து சரியா என்று அங்கேயே பாருங்கள். அட்டையை பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள். நைரோபி விடுதியில் விட்டுவரும் பெரிய பெட்டிக்குள் வேண்டாம்.