அலுவலகப் பயணத்தோடு ஸ்னோபோர்டிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி இறுதியில் எங்கள் நிறுவனத்தின் ஆண்டுத் திட்டமிடல் கூட்டம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள லீஹை நகரத்தில் நடக்கும். கொரோனா ஆண்டுகள் நீங்கலாக, எட்டு முறை சென்னையிலிருந்து அதற்குப் போய்வந்திருக்கிறேன். என்னோடு கல்லூரியில் படித்து, டாலஸ், சியாட்டில், சான் ஹோசே என்று ஆளுக்கோர் ஊரில் குடியேறிவிட்ட நண்பர்கள் நால்வர் இரண்டாம் ஆண்டிலிருந்து அதே வாரத்தில் சால்ட் லேக் சிட்டிக்கு வந்துவிடுகிறார்கள். மூன்று நாட்கள் ஸ்னோபோர்டை, அதாவது இரு கால்களையும் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் ஒற்றைப் பலகையை, மாட்டிக்கொண்டு வாசாட்ச் மலைகளில் சறுக்குவோம்; நாங்கள் ஐவரும் ஒரே கூரையின் கீழ் உறங்குவது ஆண்டில் அந்த மூன்று இரவுகள்தாம்.

வரும் ஜனவரியில் என் குழுவிலிருந்து இரண்டு இளைஞர்கள் முதன்முறையாக இந்தக் கூட்டத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பனிமலைக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். சென்ற வாரம் மதிய உணவின்போது தங்கள் பயண அட்டவணையைக் கைப்பேசியில் திறந்து காட்டினார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நான் போட்ட அட்டவணையே ஒரு கிழமை பிசகாமல் அதில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கையுறை எடுத்துச் செல்லுங்கள், ஹெல்மெட் அணியுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பவற்றை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பனியை முன்னால் வைத்து வேலையைப் பின்னால் தள்ளுவது

வெள்ளி இரவு சென்னையில் விமானம் ஏறுவது, சனிக்கிழமை சால்ட் லேக் சிட்டியில் இறங்குவது, ஞாயிறும் திங்களும் மலையில் கழிப்பது, செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு லீஹையில் கூட்டத்தில் அமர்வது: இதுதான் அந்த அட்டவணை. தாளில் பார்த்தால் இதில் குறையே தெரியாது. வார இறுதி வீணாகவில்லை, நண்பர்கள் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் போதும், மலைக்கும் அலுவலகத்துக்கும் இடையே சாதாரண நாளில் முக்கால் மணி நேரப் பயணம்தான். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

ஸ்னோபேர்டு என்னும் மலை விடுதி வளாகம் லிட்டில் காட்டன்வுட் என்ற குறுகிய பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. அதற்குள் போவதற்கும் வெளியே வருவதற்கும் ஒரே சாலைதான். பக்கச் சரிவுகளிலிருந்து பனிச்சரிவு இறங்கிவரக்கூடிய தடங்கள் அறுபதுக்கும் மேல் அந்தச் சாலையைக் குறுக்கே வெட்டுகின்றன. ஸ்னோபேர்டை அடுத்துள்ள ஆல்டாவில் 2022-23 பருவத்தில் மட்டும் 903 அங்குலம், அதாவது ஏறத்தாழ 23 மீட்டர் பனி பொழிந்தது. இவ்வளவு பனி விழும் இடத்தில் புயல் வந்தால் சாலையை மூடுவார்கள். ஆபத்தான சரிவுகளில் வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே இறக்கி, சாலையைத் துப்புரவு செய்த பிறகுதான் திறப்பார்கள். நிலைமை இன்னும் மோசமானால் ‘இன்டர்லாட்ஜ்’ என்ற உத்தரவு வரும். அது அறிவுரை அன்று, சட்டம்: நீங்கள் இருக்கும் கட்டடத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. காரை எடுக்கவும் போகக் கூடாது. சில மணி நேரத்தில் முடியும் உத்தரவும் உண்டு. இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்த உத்தரவும் உண்டு.

அந்த ஆண்டு திங்கள் நண்பகலில் பனி கனக்கத் தொடங்கியது. இரண்டு மணிக்கு நண்பன் ஒருவன் கிளம்பலாமா என்று கேட்டான். இன்னும் இரண்டு முறை இறங்கிவிட்டுப் போகலாம் என்று சொன்னது நான்தான். நான்கு மணிக்குக் காரில் அமர்ந்தபோது எங்களுக்கு முன்னால் வண்டிகள் அசையாமல் நின்றன. துடைப்பான் ஒரு முறை போய்வருவதற்குள் கண்ணாடி மீண்டும் வெளுத்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துச் சாலை மூடப்பட்டதாகச் செய்தி வந்தது. தங்கியிருந்த விடுதிக்கே திரும்பி, கெஞ்சி ஓர் அறை பெற்றோம். இரவு பத்து மணிக்கு வெளிக்கதவில் தாள் ஒட்டினார்கள். அதன்பின் அந்தக் கதவைத் திறக்க யாருக்கும் அனுமதி இல்லை.

மறுநாள் விடியலில் மலையில் வெடிச் சத்தம் கேட்டு விழித்தேன். சன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. ஒன்பது மணிக்கு என் குழுவின் ஆண்டுத் திட்டத்தை முன்வைக்க எனக்கு முப்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். விடுதியின் வைஃபையில் காணொளி வழியாக இணைந்தேன். அடைபட்டிருந்த அத்தனை பேரும் அதே வைஃபையில் இருந்தார்கள். நான்கு நிமிடத்துக்குள் என் குரல் அறுந்தது. எங்கள் கணக்குகளைப் பற்றி ஏதும் அறியாத வேறொரு குழுவின் மேலாளர் என் ஸ்லைடுகளைப் படித்து முடித்தார். கேள்விகளுக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. மாலை ஆறு மணிக்கு நான் லீஹை போய்ச் சேர்ந்தபோது, நாங்கள் கேட்டிருந்த இரண்டு பணியிடங்களும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தன. அந்த இடங்களில் ஒன்று தனக்குக் கிடைக்கும் என்று நம்பி எங்களோடு ஒப்பந்தத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் ஏப்ரலில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவர் விடைபெற வந்த நாளில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்றுவரை எரிச்சலூட்டுவது புயலன்று. அந்தப் புயல் வரப்போகிறது என்று வெள்ளிக்கிழமையே வானிலை அறிக்கையில் இருந்தது. நாங்கள் அதைப் படித்தும் இருந்தோம். படித்துவிட்டு மகிழ்ந்தோம். ஸ்னோபோர்டு மாட்டுபவருக்குப் புயல் என்றால் முழங்கால் அளவு புதுப்பனி. அந்த அறிக்கையே செவ்வாய் காலை சாலை மூடியிருக்கும் என்றும் சொன்னது எங்கள் ஐவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இப்போது இந்த இரு இளைஞர்களும் அதே மகிழ்ச்சியோடு வானிலைச் செயலியைப் பார்க்கப்போகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

வேலையை முன்னால் வைக்கச் சாலை மட்டும் காரணமன்று. சென்னைக்கும் யூட்டாவுக்கும் குளிர்காலத்தில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இறங்கிய மறுநாள் காலை பத்து மணிக்கு மலையில் நிற்கும்போது உங்கள் உடலுக்கு அது இரவு பத்தரை. அந்தக் கால்களை நம்பிச் சரிவில் இறங்குவது எனக்கு இப்போது அச்சமூட்டுகிறது. உயரமும் சேர்ந்துகொள்ளும். லீஹை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்னோபேர்டின் உச்சி 3,353 மீட்டர். சென்னையிலிருந்து வந்தவர் கூட்டத்துக்காக மூன்று நாட்கள் லீஹையில் தங்கினால் உறக்கம் சீராகும், மெல்லிய காற்றுக்கும் உடல் ஓரளவு பழகும். வேலையை முடித்துவிட்டு மலைக்குப் போனவர் அங்கே அடைபட்டால், விமானச் சீட்டை மாற்றும் கட்டணத்தோடு தொல்லை முடிந்துவிடும்.

இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் முறை எளிது. செவ்வாய் முதல் வியாழன் வரை கூட்டம். வியாழன் இரவு நண்பர்கள் வந்து சேர்கிறார்கள். அவர்களுக்கும் வெள்ளி ஒரு நாள்தான் விடுப்பு. வெள்ளி, சனி, ஞாயிறு மலை. ஞாயிறு மாலையே பள்ளத்தாக்கை விட்டு வெளியேறுகிறோம்; நான் விமான நிலையத்துக்கு அருகில் இரவு தங்கி, திங்களன்று விமானம் ஏறுகிறேன். ஞாயிறு புயல் வரும் என்றால் சனி இரவே இறங்கிவிடுகிறோம். இதைச் சொன்னபோது இளைஞர்களில் ஒருவர், “கூட்டத்துக்கு முன்னாடி போனாத்தான் அண்ணா மனசு லேசா இருக்கும்” என்றார். கூட்டம் முடிந்த பிறகு மனம் எவ்வளவு லேசாக இருக்கும் என்பதை அவர் இன்னும் அறியவில்லை.

எந்த மலை என்று முடிவு செய்யாமல் ஆளுக்கொரு பாஸ் வாங்குவது

மலையில் மேலே கொண்டுபோகும் லிஃப்டில் ஏற முன்கூட்டியே வாங்கிவைக்கும் அனுமதிச்சீட்டுதான் பாஸ்; ஒரு பாஸில் பல மலைகள் அடங்கும். பார்க் சிட்டி என்னும் மலை ‘எபிக்’ பாஸில் வருகிறது. 2002 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்னோபோர்டு போட்டிகள் நடந்தது அங்கேதான். ஸ்னோபேர்டு, பிரைட்டன், சாலிட்யூடு ஆகியவை ‘ஐகான்’ பாஸில் வருகின்றன. ஒரு பாஸ் மற்றதன் மலையில் செல்லாது. ஓர் ஆண்டு எங்களில் இருவர் ஒன்றையும் மூவர் மற்றதையும் தனித்தனியே வாங்கிவிட்டோம். இரவில் ஒரே சமையலறையில் ரசம் வைத்தோம், பகலில் வேறு வேறு மலைகளில் சறுக்கினோம். சேர்ந்திருக்கத்தானே அத்தனை தூரம் வருகிறோம்! குழுவில் எல்லாரும் மலையை ஒப்புக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். ஆனால் டிசம்பர் தொடக்கத்துக்குப் பிறகு தள்ளிப்போடாதீர்கள். எபிக் விற்பனை வழக்கமாக அப்போது முடிந்துவிடும். பார்க் சிட்டியில் நெரிசல் நாட்களில் அன்றன்றைய சீட்டு ஒன்றே 200 டாலரைத் தாண்டும்.

ஆல்டாவிலும் டீர் வேலியிலும் ஸ்னோபோர்டுக்கு அனுமதி இல்லை

அந்த இரு மலைகளிலும் காலுக்கொரு பலகை கட்டிச் சறுக்கும் ஸ்கீ மட்டுமே. ஆல்டாவின் தடையை எதிர்த்து 2014-இல் தொடுத்த வழக்கும் மேல்முறையீட்டில் தோற்றது.

வாடகைக் காரைச் சாலை விதி பாராமல் எடுப்பது

ஸ்னோபேர்டு இருக்கும் லிட்டில் காட்டன்வுட், பிரைட்டனும் சாலிட்யூடும் இருக்கும் பிக் காட்டன்வுட் ஆகிய இரண்டு பள்ளத்தாக்குச் சாலைகளிலும் பனிக்காலத்தில் டயர் விதி நடைமுறைக்கு வரும். அப்போது நான்கில் இரண்டு சக்கரங்களை மட்டும் இயந்திரம் உந்தும் சாதாரணக் கார், பனி டயரோ சங்கிலியோ இல்லாமல் மேலே போக முடியாது. பள்ளத்தாக்கின் வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் சங்கிலி மாட்ட அனுமதிப்பதில்லை. நான்கு சக்கரங்களையும் இயந்திரம் உந்தும் கார் கேட்டு முன்பதிவு செய்தாலும், சாவியை வாங்குவதற்கு முன் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள்: மூன்று சிகரங்களுக்குள் ஒரு பனித்துகள் பொறித்திருந்தால் அது பனி டயர். எனக்குப் பிடித்த வழி பேருந்துதான். பனிக்காலத்தில் அடிவாரத்திலிருந்து ஸ்கீ பேருந்துகள் ஓடுகின்றன. வண்டி நிறுத்த இடம் தேடும் தொல்லையும் இல்லை.

பழகாத நண்பனை நாமே மேலே அழைத்துப் போவது

அன்பினால் செய்யும் தவறு என்பதால் இதைத் தடுப்பது கடினம். நான்கு பருவம் சறுக்கியவருக்குத் தொடக்கச் சரிவு சலிப்பாக இருக்கும். நண்பனை லிஃப்டில் ஏற்றி நடுத்தரச் சரிவுக்குக் கொண்டுபோய், பலகையின் குதிகால் பக்க விளிம்பில் நில், முழங்காலை மடக்கு என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கச் சொல்வார்.

அங்கே நடப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பிரைட்டனில் என் நண்பன் சரிவுக்கு முதுகைக் காட்டி, விரல் பக்க விளிம்பில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தான். பயத்தில் அவன் எடை குதிகாலுக்கு மாறியது, பலகை தட்டையானது, கீழ்ப்பக்க விளிம்பு பனியைக் கவ்வியது. வழுக்கி விழுபவருக்கு ஒரு நொடியாவது கிடைக்கும், விளிம்பு கவ்வினால் அதுவும் இல்லை. கால்கள் நின்றுவிட, உடல் பின்னோக்கி அறைந்து விழுந்தது. விரித்த உள்ளங்கையைப் பின்னால் ஊன்றினான். மணிக்கட்டு வீங்கியதில் கையுறையைக் கழற்ற முடியாமல் ரோந்துக் குழுவினர் அதை வெட்டி எடுத்தார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. அவன் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன்.

முதல் நாள் முழுவதற்கும் பயிற்றுநரிடம் விடுங்கள். மணிக்கட்டுக் காப்பு வாங்கிக் கொடுங்கள். விழும்போது விரல்களை மூடி முட்டியாக்கி, முன்கையில் எடையை வாங்கப் பழகட்டும். தொடக்கச் சரிவுகள் பரந்து கிடக்கும் பிரைட்டன் இதற்கு நல்ல இடம்.

பிப்ரவரி மூன்றாம் திங்களை ஒட்டிய வார இறுதி

அமெரிக்காவில் விடுமுறை. போகாதீர்கள்.

சறுக்கும் எல்லையைக் குறிக்கும் கயிற்றுக்கு அப்பால்

போகாதீர்கள்.

விடுப்பையும் காப்பீட்டையும் வாய்மொழியில் விடுவது

நிறுவனம் எடுத்துத் தரும் பயணக் காப்பீடு பெரும்பாலும் அலுவல் நாட்களுக்கு மட்டுமே பொருந்தும். நீங்கள் விடுப்பில் நீட்டிக்கும் வெள்ளியிலிருந்து ஞாயிறு வரையிலான நாட்களில் அது செல்லுமா என்பதைப் பாலிசியில் தேடிப் பாருங்கள். செல்லும் என்றாலும் சாகச விளையாட்டுகளைப் பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. ஸ்னோபோர்டிங்கைச் சேர்க்கத் தனிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அமெரிக்க மருத்துவமனையில் ஓர் எலும்பு முறிவுக்கு வரும் கட்டணத்தைச் சொந்தப் பணத்தில் கட்டும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

திரும்பும் விமானம் எந்த நாள், கூடுதல் இரவுகளுக்கான அறை வாடகை யாருடையது, எந்தத் தேதியிலிருந்து விடுப்பு என்ற மூன்றையும் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சுவழியில் தலையாட்டிய மேலாளர் மார்ச்சில் வேறு பிரிவுக்கு மாறிப் போகலாம். கணக்குப் பிரிவு கேட்பது ஏப்ரலில்தான். இளைஞர்கள் இருவருக்கும் இந்த மின்னஞ்சலின் மாதிரியைக் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்குப் பதில் வந்துவிட்டது, அட்டவணையையும் வேலை முன், மலை பின் என்று மாற்றிவிட்டார். மற்றவர் இன்னும் அனுப்பவில்லை. திங்களன்று மதிய உணவில் மீண்டும் கேட்பேன்.